பேங்க் கவுன்ட்டரில் இன்சூரன்ஸ்: எஃப்.டி. போடப் போனவர் பாலிசியோடு திரும்புவது ஏன்?

பணி ஓய்வு பெற்ற யாரையாவது கேட்டுப் பாருங்கள். கிராஜுவிட்டியும் பி.எஃப்.பும் கணக்கில் வந்து விழுந்த ஒரு வாரத்துக்குள் வங்கியில் இருந்து போன் வந்திருக்கும். "சார், இவ்வளவு பெரிய தொகை சேவிங்ஸ்ல சும்மா கிடக்குது, ஒருதடவை பிரான்ச் பக்கம் வந்துட்டுப் போங்களேன்" என்று மரியாதையாகத்தான் கூப்பிடுவார்கள். எங்கள் பெரியப்பாவுக்கும் 2021-ல் அப்படித்தான் வந்தது. முப்பது வருடத்துக்கு மேல் பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியாராக இருந்தவர். எஃப்.டி. போடலாம் என்று போனார், காபி கொடுத்தார்கள், காட்டிய இடத்தில் எல்லாம் கையெழுத்துப் போட்டுவிட்டு வந்தார். அடுத்த வருடம் அதே மாதம் "உங்கள் பிரீமியம் செலுத்த வேண்டிய தேதி நெருங்குகிறது" என்று எஸ்.எம்.எஸ். வந்தபோதுதான், அது டெபாசிட் இல்லை, வருடம் ஒரு லட்சம் வீதம் ஐந்து வருடம் கட்ட வேண்டிய ஆயுள் காப்பீடு என்று வீட்டில் எல்லோருக்கும் தெரிந்தது.

எந்த வங்கி என்று நான் எழுதப் போவதில்லை. இது ஒரு கிளையில், ஒரு ஊழியர் செய்த தவறு என்று முடித்துவிடக் கூடிய விஷயமும் இல்லை. வங்கிகள் ஏன் இன்சூரன்ஸுக்குள் வந்தன, அதில் அவர்களுக்கு என்ன கிடைக்கிறது என்று பார்த்தால்தான் அந்த காபியும் அந்தக் கையெழுத்தும் புரியும்.

முதலில், இது எப்போதும் இப்படி இருந்ததில்லை. 1949-ல் வந்த வங்கி ஒழுங்குமுறைச் சட்டத்தின் 6-வது பிரிவு, ஒரு வங்கி என்னென்ன தொழில் செய்யலாம் என்று பட்டியல் போட்டுச் சொல்கிறது. அந்தப் பட்டியலில் இன்சூரன்ஸ் கிடையாது. பட்டியலில் இல்லாத ஒன்றைச் செய்ய வேண்டும் என்றால் மத்திய அரசு தனியாக அறிவிக்கை வெளியிட வேண்டும். டெபாசிட் வாங்கும் இடமும் பிரீமியம் வாங்கும் இடமும் ஒரே முதலாளியின் கைக்குள் போனால் என்ன ஆகும் என்பதை அந்தக் காலத்து ஆட்கள் நேரிலேயே பார்த்தார்கள். தொழிலதிபர் ராமகிருஷ்ண டால்மியாவிடம் பாரத் பேங்க்கும் இருந்தது, பாரத் இன்சூரன்ஸ் கம்பெனியும் இருந்தது. பாலிசிதாரர்களின் பணத்தில் இரண்டு கோடி ரூபாய்க்கு மேல் அவர் தன் சொந்தப் பங்குச்சந்தை பேரங்களுக்குத் திருப்பிவிட்டதை 1955 டிசம்பரில் நாடாளுமன்றத்தில் காங்கிரஸ் எம்.பி. பெரோஸ் காந்தி போட்டு உடைத்தார். இரண்டே மாதத்துக்குள், 1956 ஜனவரி 19-ஆம் தேதி, அவசரச் சட்டம் வந்தது. 154 இந்தியக் கம்பெனிகள், 16 வெளிநாட்டுக் கம்பெனிகள், 75 பிராவிடன்ட் சொசைட்டிகள் என மொத்தம் 245 நிறுவனங்கள் அரசின் கைக்கு வந்து, செப்டம்பர் 1-ஆம் தேதி எல்.ஐ.சி. பிறந்தது.

அதன் பிறகு கிட்டத்தட்ட நாற்பத்தைந்து வருடம் இரண்டும் தனித்தனி உலகம். பேங்க் என்றால் பாஸ்புக், எல்.ஐ.சி. என்றால் சைக்கிளிலோ டி.வி.எஸ். 50-யிலோ வீட்டுக்கு வரும் ஏஜென்ட். அந்த ஏஜென்ட்டும் எல்லாவற்றையும் விளக்கிச் சொல்லித்தான் விற்றார் என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் அவர் விற்க வந்திருக்கிறார் என்பதாவது வீட்டில் எல்லோருக்கும் தெரிந்திருந்தது.

சுவர் இடிந்தது 2000-ல். முன்னாள் ரிசர்வ் வங்கி கவர்னர் ஆர்.என். மல்ஹோத்ரா தலைமையில் 1993-ல் போட்ட குழு, தனியாரை உள்ளே விடலாம் என்று 1994-ல் அறிக்கை கொடுத்தது. இன்சூரன்ஸ் துறையைக் கட்டுப்படுத்தும் ஐ.ஆர்.டி.ஏ. (இப்போது ஐ.ஆர்.டி.ஏ.ஐ.) என்ற அமைப்புக்கான சட்டம் 1999-ல் நிறைவேறியது. 2000 ஆகஸ்டில், வங்கிகள் செய்யக்கூடிய தொழில்களில் இன்சூரன்ஸும் ஒன்று என்று மத்திய அரசு அறிவித்தது, அதையொட்டி ரிசர்வ் வங்கியும் விதிமுறை போட்டது. 500 கோடி ரூபாய் நிகர மதிப்பு, குறைந்தது 10 சதவீத மூலதன விகிதம், தொடர்ந்து மூன்று வருடம் லாபம், கட்டுக்குள் இருக்கும் வாராக்கடன் என்று நிபந்தனைகள் இருந்தன. இதில் தேறிய வங்கி ஒரு கூட்டு நிறுவனம் தொடங்கி இன்சூரன்ஸ் ரிஸ்க்கையே தன் தலையில் எடுத்துக்கொள்ளலாம், அதிலும் பொதுவாக 50 சதவீதப் பங்கு வரைதான். தேறாத வங்கியும் கமிஷனுக்கு விற்றுக் கொடுக்கும் ஏஜென்ட்டாக இருக்கலாம்.

நேரமும் கூடி வந்தது. அப்போது இன்சூரன்ஸில் வெளிநாட்டு முதலீட்டுக்கு 26 சதவீதம்தான் உச்சவரம்பு, அதனால் உள்ளே வர நினைத்த வெளிநாட்டுக் கம்பெனிகளுக்கு உள்ளூர்க் கூட்டாளி கட்டாயம் வேண்டும். ஊர் ஊராகக் கிளையும் ஜனங்களின் நம்பிக்கையும் கையில் வைத்திருக்கும் வங்கியை விட நல்ல கூட்டாளி யார் கிடைப்பார்? ஸ்டேட் பேங்க்கோடு பிரான்ஸின் பி.என்.பி. பரிபாவைச் சேர்ந்த கார்டிஃப் சேர்ந்து எஸ்.பி.ஐ. லைஃப் ஆனது, ஐ.சி.ஐ.சி.ஐ.யோடு பிரிட்டனின் புரூடென்ஷியல் சேர்ந்தது. நம் ஊர்ப் பக்கமும் இது வந்தது. சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட இந்தியன் ஓவர்சீஸ் வங்கி, கர்நாடகா வங்கி, அலகாபாத் வங்கி, டாபர் முதலீட்டு நிறுவனம் எல்லாம் ஜப்பானின் சோம்போவோடு சேர்ந்து ஆரம்பித்ததுதான் யுனிவர்சல் சோம்போ. அலகாபாத் வங்கி 2020-ல் இந்தியன் வங்கியோடு இணைந்துவிட்டதால் இப்போது அதில் இரண்டு சென்னை வங்கிகளுக்குப் பங்கு.

பிரான்ஸ் பெயர் அடிபடுவதற்குக் காரணம் உண்டு. வங்கி மூலம் இன்சூரன்ஸ் விற்பதை 'பேங்க்அஷ்யூரன்ஸ்' என்கிறார்கள், அந்தச் சொல்லே பிரெஞ்சில் இருந்து வந்ததுதான். 1970-களின் தொடக்கத்திலேயே அங்கே கிரெடி மியூச்சுவல் என்ற கூட்டுறவு வங்கி, தன்னிடம் கடன் வாங்கியவர்களுக்குத் தானே காப்பீடும் கொடுக்க ஆரம்பித்துவிட்டது.

வங்கிக்கு இதில் என்ன லாபம்?

இதைச் சரியாகப் புரிந்துகொண்டால் மற்ற எல்லாம் தானாகப் புரிந்துவிடும், அதனால் கொஞ்சம் நிதானமாகவே பார்க்கலாம்.

நீங்கள் ஒரு லட்சம் ரூபாய் எஃப்.டி. போடுகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். வங்கி அதற்கு உங்களுக்கு வட்டி கொடுக்க வேண்டும், அதை வேறு ஒருவருக்குக் கூடுதல் வட்டிக்குக் கடனாகக் கொடுக்க வேண்டும். இரண்டுக்கும் நடுவில் நிற்கும் வித்தியாசம் 3 சதவீதம் என்று எடுத்துக்கொண்டால், வருடத்துக்கு 3,000 ரூபாய். அதிலும் ஊழியர் சம்பளம், கிளை வாடகை எல்லாம் போக வேண்டும். கடன் வாங்கியவர் திருப்பிக் கட்டாமல் போனால் வட்டியோடு அசலும் போகும். இது போதாது என்று, கொடுக்கும் கடனின் ரிஸ்க்குக்கு ஏற்ப வங்கி தன் சொந்த மூலதனத்தையும் ஒதுக்கி வைக்க வேண்டும். இந்தியாவில் அது குறைந்தபட்சம் 9 சதவீதம்.

அதே ஒரு லட்சத்தை நீங்கள் பாலிசிக்குப் பிரீமியமாகக் கட்டினால்? பெரியப்பா வாங்கிய காலத்தில் இருந்த விதிப்படி, ஐந்து வருடம் கட்டும் பாலிசிக்கு முதல் வருடப் பிரீமியத்தில் 15 சதவீதம் வரை கமிஷன் கொடுக்கலாம். கட்டும் காலம் பன்னிரண்டு வருடமோ அதற்கு மேலோ என்றால் 35 சதவீதம் வரை. அதாவது ஒரே நாளில் 15,000-மோ 35,000-மோ. அது போக ஒவ்வொரு வருடமும் புதுப்பிப்புக் கமிஷன் தனி. மூலதனம் ஒதுக்க வேண்டாம், வாராக்கடன் பயம் இல்லை, நாளைக்கு இழப்பீடு கொடுக்க வேண்டி வந்தாலும் அது இன்சூரன்ஸ் கம்பெனியின் பாடு. 2023 ஏப்ரலில் இருந்து பாலிசிவாரியான அந்த உச்சவரம்பும் எடுக்கப்பட்டுவிட்டது. கம்பெனியின் மொத்த நிர்வாகச் செலவு ஒரு வரம்புக்குள் இருந்தால் போதும், அதற்குள் யாருக்கு எவ்வளவு கமிஷன் என்பதை அவர்களே முடிவு செய்துகொள்ளலாம்.

ஒரு கிளை மேலாளரின் இடத்தில் உட்கார்ந்து பாருங்கள். மேலே இருந்து மாதாமாதம் டார்கெட் வருகிறது. எந்தக் கணக்கில் எவ்வளவு பணம் இருக்கிறது, யாருக்கு எஃப்.டி. எப்போது முதிர்கிறது, யாருக்கு நிலம் விற்ற பணம் வந்திருக்கிறது என்பதெல்லாம் கம்ப்யூட்டர் திரையிலேயே தெரிகிறது. எல்.ஐ.சி. ஏஜென்ட் பத்து வருடம் பழகினாலும் அறிந்துகொள்ள முடியாத விவரம் இது. பாலிசி விற்றதற்காக வங்கி ஊழியருக்கு இன்சூரன்ஸ் கம்பெனி நேரடியாக ஊக்கத்தொகை கொடுக்கக் கூடாது என்று ரிசர்வ் வங்கி தெளிவாகவே சொல்லியிருக்கிறது. ஆனால் பதவி உயர்வும் இடமாற்றமும் ஊக்கத்தொகைக் கணக்கில் வராதே! வங்கி ஊழியர் சங்கங்களே இந்த அழுத்தத்தை எதிர்த்துப் பலமுறை குரல் கொடுத்திருக்கின்றன. பெரியப்பாவுக்கு அந்தப் பாலிசியை விற்ற பையன் மேல் எனக்குக் கோபம் இருந்தது உண்மைதான், ஆனால் அந்த மாதம் அவன் தலையில் என்ன எண்ணிக்கை உட்கார்ந்திருந்தது என்பதையும் சேர்த்துத்தான் இப்போது யோசிக்கிறேன்.

கமிஷன் ஒரு பக்கம் என்றால், கம்பெனியைச் சொந்தமாக வைத்திருக்கும் வங்கிக்கு அதைவிடப் பெரிய லாபம் பங்குகளில் இருக்கிறது. 2016 செப்டம்பரில் ஐ.சி.ஐ.சி.ஐ. புரூடென்ஷியல் லைஃப் பங்குச்சந்தைக்கு வந்து சுமார் 6,000 கோடி திரட்டியது. மறுவருடம் எஸ்.பி.ஐ. லைஃப் வந்தது, சுமார் 8,400 கோடி. இந்தப் பணத்தில் ஒரு ரூபாய்கூட இன்சூரன்ஸ் கம்பெனிக்குள் போகவில்லை. இரண்டிலுமே ஏற்கெனவே இருந்த உரிமையாளர்கள் தங்கள் பங்கில் ஒரு பகுதியை விற்றார்கள், அவ்வளவுதான். எஸ்.பி.ஐ. விற்றது 8 கோடிப் பங்கு, விலை 700 ரூபாய் வாக்கில், அதாவது சுமார் 5,600 கோடி. பதினாறு பதினேழு வருடம் கிளைகளில் ஒவ்வொரு பாலிசியாக விற்றுச் சேர்த்த மதிப்பு அது. கனரா எச்.எஸ்.பி.சி. லைஃப் 2025 அக்டோபரில் சந்தைக்கு வந்ததும் இதே வழியில்தான். 2023-ல் வீட்டுக் கடன் நிறுவனமான எச்.டி.எஃப்.சி.யும் எச்.டி.எஃப்.சி. வங்கியும் இணைந்தபோது, இன்சூரன்ஸ் கம்பெனியில் பங்கை 50 சதவீதத்துக்கு மேல் கொண்டுபோகவே ரிசர்வ் வங்கி அனுமதி கொடுத்தது.

இன்றைக்குத் தனியார் ஆயுள் காப்பீட்டுக் கம்பெனிகள் தனிநபர்களிடம் பிடிக்கும் புது வியாபாரத்தில் பாதிக்கு மேல் வங்கிகள் வழியாகத்தான் வருகிறது. எல்.ஐ.சி. இன்னும் பெரும்பாலும் ஏஜென்ட்டுகளை நம்பியே ஓடுகிறது.

போட்டி வந்தால் வாடிக்கையாளருக்கு நல்லதுதானே என்று கேட்கலாம். அப்படி நினைத்துத்தான் விதிகளைத் தளர்த்தினார்கள். ஆரம்பத்தில் ஒரு வங்கி ஒரே ஒரு ஆயுள் காப்பீட்டுக் கம்பெனியின் பாலிசியைத்தான் விற்கலாம், 2015-ல் அது மூன்றானது, 2022-ல் ஒன்பதானது. ஆனால் ஒன்பது கம்பெனியை வைத்துக்கொள்ளலாம் என்பதால், ஒன்பதையும் மேசையில் பரப்பி எது நல்லது என்று ஒப்பிட்டுச் சொல்லப் போகிறார்கள் என்று அர்த்தமில்லை. சொந்தக் கம்பெனி ஒன்று இருக்கும்போது வங்கி எதை முதலில் எடுத்து நீட்டும் என்பது நமக்கே தெரியும்.

நன்மையே இல்லையா?

இருக்கிறது, அதையும் சொல்லியாக வேண்டும். 2015 மே மாதம் தொடங்கிய பிரதமர் ஜீவன் ஜோதி காப்பீட்டுத் திட்டம் வங்கிக் கணக்கு இல்லாவிட்டால் நடந்திருக்கவே முடியாது. வருடம் 436 ரூபாய், 18 முதல் 50 வயது வரை உள்ளவர்கள் சேரலாம், எந்தக் காரணத்தால் இறந்தாலும் குடும்பத்துக்கு இரண்டு லட்சம். (புதிதாகச் சேர்ந்தால் முதல் ஒரு மாதம் விபத்து மரணத்துக்கு மட்டும் பொருந்தும்.) கூடவே வருடம் 20 ரூபாயில் விபத்துக் காப்பீடு, அது 70 வயது வரை. பணம் மே மாதக் கடைசி வாக்கில் கணக்கில் இருந்து தானாக எடுக்கப்படும். ஒரு கட்டிட வேலை செய்பவரைத் தேடிப்போய் வருடம் 436 ரூபாய்க்கு எந்த ஏஜென்ட்டும் பாலிசி போட மாட்டார், அவருக்குக் கட்டுப்படியாகாது. வங்கிக்கு அது ஒரு கம்ப்யூட்டர் பதிவு. அதேபோல வீட்டுக் கடன் வாங்கியவர் நாற்பது வயதில் போய்விட்டால், கடன் காப்பீடு இருக்கிற குடும்பத்துக்கு வீடாவது மிஞ்சும்.

இந்த அளவில் பார்த்தால் வங்கியும் இன்சூரன்ஸும் சேர்வது நல்ல யோசனைதான். கோளாறு எங்கே வருகிறது என்றால், பாதுகாப்புக்கான மலிவான பாலிசியை விட, சேமிப்பு மாதிரித் தெரிகிற பெரிய பிரீமியம் பாலிசியில்தான் விற்பவருக்குக் கமிஷன் அதிகம் என்ற இடத்தில்.

பெரியப்பாவின் பாலிசியையே எடுத்துக்கொள்ளலாம். ஐந்து வருடம் ஒரு லட்சம் கட்டினால், பத்து வருடம் முடிந்ததும் ஏழு லட்சம். "அஞ்சு லட்சத்துக்கு ரெண்டு லட்சம் லாபம், நாற்பது பர்சென்ட் சார்" என்றுதான் சொல்லியிருக்கிறார்கள். எஸ்.எம்.எஸ். வந்து விஷயம் தெரிந்த அன்று ராத்திரி, அவரே காகிதம் எடுத்து உட்கார்ந்து கணக்குப் போட்டார். முதல் லட்சம் பத்து வருடம் கிடக்கிறது, இரண்டாவது ஒன்பது வருடம், கடைசி லட்சம் ஆறு வருடம். அந்த ஏழு லட்சம் வர வேண்டுமென்றால் கூட்டுவட்டி எவ்வளவாக இருக்க வேண்டும்? சுமார் 4.3 சதவீதம். அதே கவுன்ட்டரில் மூத்த குடிமக்களுக்கான எஃப்.டி.க்கு அன்றைக்கே அதைவிடக் கூடுதலாகக் கொடுத்தார்கள். ஆயுள் காப்பீடு என்று பார்த்தாலும், ஓய்வு பெற்று, பிள்ளைகள் எல்லாம் சம்பாதிக்கிற ஒருவருக்கு அதில் தேவை என்று பெரிதாக எதுவும் இல்லை.

சரி, நிறுத்திவிடலாமே என்றால் அதுவும் முடியவில்லை. அப்போதைய விதிப்படி இரண்டு வருடப் பிரீமியம் கட்டியிருந்தால்தான் சரண்டர் மதிப்பே (பாதியில் நிறுத்தினால் திரும்பக் கிடைக்கும் தொகை) உண்டு, ஒரு வருடத்தோடு நிறுத்தினால் கட்டிய லட்சமும் போச்சு. இரண்டாவது வருடம் கட்டிவிட்டு நிறுத்தினால் உத்தரவாதமாகக் கிடைப்பது கட்டியதில் 30 சதவீதம். அதாவது இரண்டு லட்சம் கட்டி அறுபதாயிரம் வாங்கிக்கொண்டு வர வேண்டும். மனசு வராமல் ஐந்து வருடமும் கட்டி முடித்துவிட்டார், 2031 வரை காத்திருக்க வேண்டும். 2024 அக்டோபரில் இருந்து வந்த புதிய பாலிசிகளில் ஒரு வருடப் பிரீமியம் கட்டியிருந்தாலே கொஞ்சம் திரும்பக் கிடைக்கும்படி ஐ.ஆர்.டி.ஏ.ஐ. மாற்றியிருக்கிறது. தாமதமாக வந்தாலும் நல்ல மாற்றம். 2010-ல் பிரீமியத்தின் ஒரு பகுதியைப் பங்குச்சந்தை போன்றவற்றில் போடும் யூலிப் பாலிசிகளுக்கு ஒரு கடிவாளம் போட்டார்கள், அதுவும் பங்குச்சந்தையைக் கட்டுப்படுத்தும் செபிக்கும் ஐ.ஆர்.டி.ஏ.வுக்கும் நேரடியாகவே சண்டை வந்து, மத்திய அரசு அவசரச் சட்டம் போட்டுத் தீர்த்துவைத்த பிறகுதான்.

இன்னொன்றையும் பலர் கவனிப்பதில்லை. வங்கி டெபாசிட்டுக்கு ஐந்து லட்சம் வரை டெபாசிட் காப்பீட்டுக் கழகத்தின் பாதுகாப்பு உண்டு. வங்கிக்குள்ளேயே உட்கார்ந்து கையெழுத்துப் போட்டிருந்தாலும் பாலிசிக்குக் கட்டிய பணத்துக்கு அந்தப் பாதுகாப்பு பொருந்தாது.

கடனோடு வரும் பாலிசி

எஃப்.டி.யில் ஏமாந்தவர்களாவது "எனக்கு வேண்டாம்" என்று எழுந்து வந்திருக்க முடியும். கடன் கேட்டுப் போய் நிற்பவருக்கு அந்தத் தைரியமும் வராது. வீட்டுக்கு அட்வான்ஸ் கொடுத்தாச்சு, பத்திரப் பதிவுக்குத் தேதி குறிச்சாச்சு, அந்த நேரத்தில் "இந்த இன்சூரன்ஸும் போட்டாத்தான் சார் ஃபைல் நகரும்" என்றால் யார் வாக்குவாதம் செய்வார்கள்?

பெரும்பாலும் பிரீமியத்தைக் கையில் கேட்கவும் மாட்டார்கள், கடனோடேயே சேர்த்துவிடுவார்கள். ஒரு லட்சம் பிரீமியத்தைக் கடனில் சேர்த்து 9 சதவீத வட்டியில் இருபது வருடம் கட்டினால் மாதம் சுமார் 900 ரூபாய், மொத்தம் 2 லட்சத்து 16 ஆயிரம். 2024 நவம்பரில் மும்பையில் ஸ்டேட் வங்கி நடத்திய மாநாட்டில் நிதியமைச்சர் நிர்மலா சீதாராமன், வங்கிகள் இப்படித் தவறாக இன்சூரன்ஸ் விற்பதால் கடன் வாங்குபவரின் செலவு மறைமுகமாகக் கூடுகிறது என்று பேசியது இதைத்தான். அவரது அமைச்சகத்தின் நிதிச் சேவைகள் துறையே, சிறு நகரங்களில் 75 வயதைத் தாண்டியவர்களுக்குக்கூட ஆயுள் காப்பீடு விற்கப்பட்டதாகப் புகார் வருகிறது என்று பொதுத்துறை வங்கிகளுக்குக் கடிதம் எழுதியிருக்கிறது.

ரிசர்வ் வங்கியின் விதி இதில் குழப்பமே இல்லாமல் இருக்கிறது. எந்த வங்கிச் சேவையோடும் இன்சூரன்ஸைக் கட்டாயமாக முடிச்சுப் போடக் கூடாது. அடமானம் வைக்கும் கட்டிடத்துக்குத் தீ, வெள்ளம் போன்றவற்றுக்குக் காப்பீடு இருக்க வேண்டும் என்று கடன் ஒப்பந்தத்தில் நிபந்தனை போடுவது வேறு, அது நியாயமானது, அதையும் நீங்கள் விரும்பும் கம்பெனியில் எடுக்கலாம். உங்கள் உயிருக்கு, அவர்கள் காட்டும் கம்பெனியில்தான் பாலிசி எடுக்க வேண்டும் என்று சொல்ல யாருக்கும் அதிகாரம் இல்லை. லாக்கருக்கும் அப்படித்தான், மூன்று வருட வாடகையும் அவசியம் வந்தால் உடைத்துத் திறக்கும் செலவும் சேர்ந்த தொகைக்கு எஃப்.டி. கேட்கலாம், பாலிசி கேட்க முடியாது.

கண்டிப்பான விதி இருந்தும் நடக்கிறதே என்று கேட்டால், பிரிட்டனைப் பார்க்கலாம். அங்கே கடனோடும் கிரெடிட் கார்டோடும் சேர்த்து 'பி.பி.ஐ.' என்ற காப்பீட்டை வங்கிகள் பல வருடம் விற்றன. வேலை போனாலோ உடம்பு முடியாமல் போனாலோ தவணையை இன்சூரன்ஸ் கட்டும் என்பது திட்டம். சொந்தத் தொழில் செய்பவர்கள், ஓய்வு பெற்றவர்கள் என்று, கேட்டாலும் இழப்பீடு கிடைக்க வழியே இல்லாதவர்களுக்கும் விற்றார்கள், சிலருக்குத் தங்களிடம் அது இருப்பதே தெரியாது. கடைசியில் நீதிமன்றமும் கட்டுப்பாட்டு அமைப்பும் சேர்ந்து, வாங்கியதைத் திருப்பிக் கொடுக்க வைத்தன. புகார் கொடுக்கக் கடைசி நாள் 2019 ஆகஸ்ட் 29. வங்கிகள் திருப்பிக் கொடுத்தது 3,800 கோடி பவுண்டுக்கு மேல். அங்கே விதி வேலை செய்ததற்குக் காரணம், தவறாக விற்றால் விற்ற வங்கியே முழுப் பணத்தையும் வட்டியோடு திருப்ப வேண்டும் என்று ஆனதுதான்.

சொந்தமாக இன்சூரன்ஸ் கம்பெனி வைத்துக்கொள்வதில் வங்கிகளுக்கே கையைச் சுட்ட கதைகளும் உண்டு. அமெரிக்காவில் 1998-ல் சிட்டிகார்ப் என்ற வங்கிக் குழுமமும் டிராவலர்ஸ் என்ற இன்சூரன்ஸ் குழுமமும் இணைந்தன. அந்த இணைப்புக்கு இடம் கொடுக்கவே 1999-ல் சட்டத்தை மாற்ற வேண்டியிருந்தது. ஆனால் சில வருடங்களிலேயே டிராவலர்ஸின் பொதுக் காப்பீட்டைப் பிரித்துவிட்டு, ஆயுள் காப்பீட்டை 2005-ல் மெட்லைஃபுக்கு விற்றுவிட்டார்கள். நெதர்லாந்தின் ஐ.என்.ஜி. வங்கியும் இன்சூரன்ஸும் ஒரே கூரையின் கீழ் இருந்த பெரிய குழுமம். 2008 நெருக்கடியில் அரசிடம் 1,000 கோடி யூரோ வாங்க வேண்டி வந்தது, அதற்கு ஐரோப்பிய ஆணையத்தின் நிபந்தனைப்படி இன்சூரன்ஸ் முழுவதையும் கழற்றிவிட வேண்டியதாயிற்று. அதன் அலை பெங்களூரு வரை வந்தது. ஐ.என்.ஜி. வைஸ்யா லைஃப் பாலிசி எடுத்தவர்கள் பிறகு எக்ஸைடு லைஃப் வாடிக்கையாளர் ஆனார்கள், 2022-ல் அதுவும் எச்.டி.எஃப்.சி. லைஃபோடு கலந்துவிட்டது. பாலிசி தொடர்ந்தது, யாருக்கும் பணம் போகவில்லை, ஆனால் எந்தப் பெயரை நம்பி வாங்கினார்களோ அந்தப் பெயர் இல்லை. ஆஸ்திரேலியாவில் நான்கு பெரிய வங்கிகளுமே தங்கள் ஆயுள் காப்பீட்டுக் கம்பெனிகளை ஒவ்வொன்றாக விற்றுவிட்டு வெளியே வந்துவிட்டன.

அங்கே எல்லாம் வங்கிகள் வெளியே வந்துகொண்டிருந்த அதே வருடங்களில்தான் இங்கே இன்னும் ஆழமாக உள்ளே போகின்றன. அது தப்பு என்று நான் சொல்லவில்லை, காப்பீடே இல்லாத குடும்பங்கள் இங்கே அதிகம். ஆனால் அவர்கள் கொடுத்த விலையை நாமும் ஒருமுறை கொடுத்துத்தான் கற்றுக்கொள்ள வேண்டுமா?

கையில் பாலிசி வந்துவிட்டால்

பாலிசி பாண்டு கைக்கு வந்த நாளில் இருந்து 30 நாள் வரை, பிடிக்கவில்லை என்றால் திருப்பிக் கொடுத்துவிடலாம். முன்பு இது பொதுவாக 15 நாளாக இருந்தது. கழிப்பது முத்திரைக் கட்டணம், மருத்துவப் பரிசோதனைச் செலவு, காப்பீடு இருந்த நாட்களுக்கான சிறு தொகை, அவ்வளவே. அதனால் பாண்டு வந்த உறையைப் பிரிக்காமல் பீரோவில் வைத்துவிடாதீர்கள், எங்கள் வீட்டில் நடந்தது அதுதான். உள்ளே முதல் பக்கங்களிலேயே "பிரீமியம் செலுத்தும் காலம்" என்று ஒரு வரி இருக்கும். ஒரே முறை கட்டுவதாக நினைத்திருந்தால் அங்கே 5 என்றோ 10 என்றோ இருப்பது கண்ணில் பட்டுவிடும். பாலிசி கொடுப்பதற்கு முன் சரிபார்க்க ஒரு போன் வரும், "எல்லாத்துக்கும் ஆமான்னு சொல்லிடுங்க சார்" என்று முன்கூட்டியே சொல்லி வைப்பார்கள். அப்படிச் சொல்லாதீர்கள், அந்த ஒலிப்பதிவுதான் பிறகு உங்களுக்கு எதிராக எடுத்து வைக்கப்படும்.

கடன் வாங்கும்போது, இன்சூரன்ஸோடு இ.எம்.ஐ. எவ்வளவு, இல்லாமல் எவ்வளவு என்று இரண்டையும் எழுதித் தரச் சொல்லுங்கள். கட்டாயம் என்று வாயால் சொல்பவர்கள் அதை எழுத்தில் தரத் தயங்குவார்கள், பாதிப் பிரச்சினை அங்கேயே தீர்ந்துவிடும். கடனை முன்கூட்டியே அடைத்தால் மிச்சக் காலத்துக்கான பிரீமியம் திரும்ப வருமா என்பதையும் அப்போதே கேட்டு வைப்பது நல்லது.

முப்பது நாளும் தாண்டிவிட்டது, ஏமாற்றி விற்றார்கள் என்று உறுதியாகத் தெரிகிறது என்றால், முதலில் இன்சூரன்ஸ் கம்பெனிக்கு எழுத்தில் புகார் கொடுக்க வேண்டும், ஐ.ஆர்.டி.ஏ.ஐ.யின் பீமா பரோசா தளத்திலும் பதியலாம், 155255 என்ற எண்ணிலும் கூப்பிடலாம். ஒரு மாதத்தில் பதில் இல்லை, அல்லது பதில் திருப்தியில்லை என்றால் காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரிடம் போகலாம். தமிழ்நாட்டுக்கும் புதுச்சேரிக்கும் அலுவலகம் சென்னையில் இருக்கிறது. 50 லட்சம் வரை உள்ள வழக்குகளை எடுப்பார்கள், கட்டணம் இல்லை, வக்கீலும் தேவையில்லை. வங்கி கட்டாயப்படுத்தியது என்பதுதான் குறை என்றால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளர் தனி, அதற்கு 14448.

இத்தனையும் வாடிக்கையாளரே செய்ய வேண்டியிருக்கிறது என்பதுதான் எனக்கு உறுத்துகிறது. இந்த நாட்டில் ஒவ்வொரு வங்கியும் இன்சூரன்ஸ் விற்று அந்த வருடம் எவ்வளவு கமிஷன் சம்பாதித்தது என்பதைத் தன் ஆண்டறிக்கையின் கணக்குக் குறிப்புகளில் வெளியிட வேண்டும், அது விதி. வாடிக்கையாளருக்கும் கமிஷன் விவரத்தைச் சொல்ல வேண்டும் என்று ரிசர்வ் வங்கி சொல்லித்தான் இருக்கிறது. அதை எங்கேயோ இணையதளத்தின் ஒரு மூலையில் சதவீதமாகப் போடாமல், கையெழுத்துப் போடும் விண்ணப்பத்தின் முதல் பக்கத்தில், கையெழுத்துக்குப் பக்கத்திலேயே, "இந்தப் பாலிசியை விற்பதால் எங்கள் வங்கிக்கு முதல் வருடம் கிடைப்பது இத்தனை ரூபாய்" என்று தமிழில் ஒரு வரி அச்சடிக்கச் சொன்னால் போதும். அன்றைக்கு அந்த மேசையில் 15,000 என்று ஒரு எண் எழுதியிருந்தால், கணக்கு வாத்தியாரான எங்கள் பெரியப்பா பேனாவை மூடியிருப்பார்.